இளையவர் – மூத்தவர் ஆட்டம்: பெரிய திடலா, ஐவர் களமா?

எங்கள் சிங்கப்பூர் கால்பந்து கிளப்பில் இந்த ஆட்டத்துக்கு அண்ணன்மார் பெரிய திடல் கேட்கிறார்கள். தம்பிகளுக்கு, அணிக்கு ஐந்து பேர் ஆடும் சிறிய ஐவர் களம் போதுமாம்.

ஆள்: திடலுக்கு 22 பேர். களத்துக்கு 10 பேர்.

ஓட்டம்: திடல் 100 மீட்டர் நீளம் இருக்கும். இந்தப் புழுக்கத்தில் சட்டை சீக்கிரமே முதுகோடு ஒட்டிவிடும். ஆனாலும் மூத்தவர்களின் நீண்ட பாஸ், இடம் பிடிக்கும் பொறுமை எல்லாம் அங்கேதான் கைகொடுக்கும். களத்தில் நிற்கவே நேரமில்லை; சட்சட்டென்று திரும்புவதில் முழங்கால் அடி வாங்கும். அடிக்கடி ஆள் மாற்றலாம், அது ஆறுதல்.

மழை: மின்னல் எச்சரிக்கை வந்தால் திடல் காலி. கூரைக் களத்தில் ஆட்டம் தொடரும்.

வேலை முடிந்த இரவு என்றால் களம் சரி. ஞாயிறு காலை, ஆள் உறுதி என்றால் திடல்தான். ஐம்பதைத் தாண்டிய அண்ணன் பந்தை மிதித்து நிறுத்தி, தலை தூக்கிப் பார்த்து அனுப்பும் பாஸைத் தம்பிகள் அங்கே பார்க்க வேண்டும்.