நேப்பாளமா, பாரியோவா, லிந்தாங் தாண்டி ஒரு கம்போங்கா?

எங்கள் தாமானில் (குடியிருப்பில்), பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் பரீட்சையை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பெண் போன வாரம் டியூஷன் அறை வாசலில் வந்து நின்றாள். "அக்கா, யூனிவர்சிட்டி தொடங்க இன்னும் மூணு மாசம் இருக்கு. மலைப்பக்கம் எங்கயாவது போய்ப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம்னு இருக்கேன். நேப்பாளம் போகட்டுமா?" வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

2019 நவம்பரில் நான்கு வாரம் நேப்பாளத்தில் ஒரு மலைக்கிராமப் பள்ளியில் இருந்தேன். கிழக்கு மலேசியாவில், சரவாக்கின் மலைமேட்டு ஊரான பாரியோவுக்குச் சும்மா சுற்றிப் பார்க்க ஐந்து நாள் போனதோடு சரி, அங்கே மூன்று வாரம் பாடம் நடத்தியது என் தோழி, ஆகவே அதைப் பற்றி நான் சொல்வதில் பாதி அவள் சொன்னது. மூன்றாவது, பேராக்கில் நம் சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் வழியாக உள்ளே போனால் வரும் ஒரு கம்போங் (கிராமம்), ஒராங் அஸ்லி எனும் பூர்வகுடிகளில் ஒரு பிரிவான தெமியார் மக்களுடையது. இரண்டு வருடமாக ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை போய்வருகிறேன். எந்தப் பக்கம் சாய்கிறேன் என்று இதிலேயே தெரிந்திருக்கும், மறைக்கவில்லை.

சீக்கிரம் முடிகிறதை முதலில் முடித்துவிடுகிறேன். நேப்பாளத்துக்கு டிக்கெட், ஏற்பாட்டாளருக்குக் கட்டணம், குளிர் உடுப்பு எல்லாம் சேர்த்து எனக்கு ஐயாயிரம் ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. அந்தக் கட்டணத்தில் நான் தங்கிய வீட்டு அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று பிறகு கேட்டபோது வயிறு எரிந்தது, அது வேறு கதை. பாரியோவுக்கு மீரியிலிருந்து பத்தொன்பது பேர் உட்காரும் ட்வின் ஓட்டர் விமானம். பையை மட்டுமல்ல, நம்மையும் நிறுத்து எடை பார்ப்பார்கள். பறப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான், ஆனால் மேகம் இறங்கினால் அன்றைக்கு விமானம் கிடையாது. கம்போங்குக்கு, பெத்தாய்க் காய் வாங்கப் போகும் ஓர் அண்ணனின் ஹைலக்ஸ் வண்டியில் இடம் கேட்டுப் போகிறேன், எண்ணெய்க் காசு ஐம்பது ரிங்கிட். டுரியான் காலத்தில் திரும்பும்போது பின்சீட் முழுக்கப் பழம், மறுநாள் வரை என் தலைமுடியிலும் அதே வாசம்.

தாள் விஷயத்தில் எதுவும் சுலபமில்லை. நேப்பாளத்தில் இறங்கியதும் 30 நாளுக்கு 50 அமெரிக்க டாலர் கட்டிச் சுற்றுலா விசா வாங்கலாம், ஆனால் அந்த விசாவில் சம்பளமில்லாத வேலையும் செய்யக்கூடாது என்பதுதான் சட்டம். ஏற்பாட்டாளர்கள் பலர் இதை வாயே திறப்பதில்லை. என்னிடமும் சொல்லவில்லை, போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. சரவாக் நம் நாடுதான் என்றாலும் தீபகற்ப மலேசியாக்காரர்களுக்கு 90 நாள்தான், அதற்கு மேல் தங்கவோ வேலை பார்க்கவோ அனுமதி வேண்டும். ஒராங் அஸ்லி கம்போங்குக்கும் நினைத்தபோது நுழைந்துவிட முடியாது, ஒராங் அஸ்லி மேம்பாட்டு இலாகாவான ஜக்கோவாவிடம் கேட்க வேண்டும். அரசுப் பள்ளிக்குள் நடத்துவதென்றால் கல்வி இலாகா தனியாகச் சம்மதிக்க வேண்டும், அதனால் நான் பள்ளிப்பக்கமே போகாமல் கம்போங் தலைவரைக் கேட்டு, பொது மண்டபமான பாலாயில் பாய் விரித்து நடத்துகிறேன்.

சரி, இப்போது என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். போன இடத்துக்கு மறுபடியும் போக முடியுமா?

நேப்பாளத்தில் காட்மாண்டுவிலிருந்து சல்லேரி வரை ஒரு நாள் முழுக்க ஜீப்பில் குலுங்கி, அங்கிருந்து அரை நாள் நடந்து பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன். முதல் நாள் ஐந்தாம் வகுப்பில் கரும்பலகையில் ஓர் ஆளை வரைந்து, தலை, தோள், முழங்கால் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். நான் வாய் திறப்பதற்குள் மொத்த வகுப்பும் ஆளைத் தொட்டுத் தொட்டுச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. என்ன கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று எனக்கு ஒரே பெருமை. மூன்றாம் நாள் தேநீர் குடிக்கும்போது தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னார், அந்த ஆண்டில் வந்த நான்காவது ஆள் நான் என்று. நான்கு பேரும் உடல் உறுப்பில்தான் தொடங்கியிருக்கிறோம். எனக்கு முன்னால் வந்த மூவரும் நிறம், விலங்கு, என் குடும்பம் வரை நடத்திவிட்டு, செவ்வந்தி மாலையும் வெள்ளைத் துண்டும் வாங்கிக்கொண்டு, அழுதுவிட்டு, கிளம்பியிருக்கிறார்கள். பிள்ளைகள் பாவம், வந்தவர் மனம் நோகக்கூடாதே என்று ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பது போலவே கேட்டிருக்கின்றன.

நான் வேறு மாதிரி இருக்கப்போகிறேன் என்று பின்னம் எடுத்தேன். அரை, கால் நன்றாகப் போனது. பகுதி எண் வேறுபடும் பின்னங்களைக் கூட்டுகிற இடத்துக்கு வந்தபோது என் நாள் முடிந்துவிட்டது. எனக்கும் மாலை, எனக்கும் அழுகை. அடுத்து வந்தவர் எங்கே தொடங்கினார் என்று ஜனவரியில் தலைமையாசிரியருக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். தலையில், என்றார். ஏப்ரலில் திரும்பிப் போகிறேன் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். 2020 மார்ச்சில் இரண்டு நாடும் ஒரு வார இடைவெளியில் கதவைச் சாத்தின. அந்தக் கதவு திறந்தபோது என்னிடம் இன்னொரு ஐயாயிரம் இல்லை.

கம்போங்கில் இதற்கு நேர்மாறு. முதல் மூன்று மாதம் ஒரு பிள்ளைகூட என்னிடம் பேசவில்லை. நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, பாஜு, தோப்பி என்ற சொற்களைப் பழக்க, சட்டையும் தொப்பியும் போட்ட குரங்குப் படத்தை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தாளைக் கவிழ்த்து வைத்தன. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் படம் பிடிக்கவில்லை போல என்று விட்டுவிட்டேன். இரண்டு தடவை கழித்து ஒரு பெரியவர் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: விலங்குக்கு உடுப்புப் போட்டுக் கேலி செய்தால் இடியும் புயலும் வரும், இங்கே அதைச் செய்வதில்லை. அதை என்னிடம் சொல்லலாம் என்று அவர் நினைக்கவே அத்தனை மாதம் ஆகியிருக்கிறது. நாலு வாரத்தில் கிளம்பிவிடுகிறவளாக இருந்திருந்தால், நல்ல பாடம் நடத்திவிட்டு வந்ததாகவே இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருப்பேன்.

இன்னொன்று, மொழி. நேப்பாளத்தில் நான் ஆங்கிலம் பேசும் விருந்தாளி, அவ்வளவுதான். இங்கே எனக்கும் அவர்களுக்கும் நடுவில் இருப்பது மலாய், அது இரண்டு பக்கத்துக்கும் வீட்டு மொழி இல்லை. தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து தமிழ்ப்பள்ளிக்குப் போன நான், பஹாசா மலேசியா பாட வேளையில் ஒன்றும் புரியாமல் ஆசிரியரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள். இந்தப் பிள்ளைகள் எந்த இடத்தில் வாயடைத்துப் போகின்றன என்று எனக்குச் சட்டென்று தெரிகிறது. 1948-இல் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுகளை எதிர்த்து மலாயாவில் அவசரகாலம் தொடங்கியது நம் சுங்கை சிப்புட்டில்தான். அந்தக் காலத்தில் காட்டுக்குள் இருந்த இவர்களையும் தோட்டத்து லயத்தில் இருந்த நம்மையும் இடம் மாற்றிக் கம்பிவேலிக்குள் வைத்தார்கள். அப்படியும் எங்கள் பாட்டி இவர்களைக் குறிப்பிடும் சொல்லை நான் இங்கே எழுத மாட்டேன்.

நேப்பாளம் ஜெயிக்கிற இடமும் இருக்கிறது. அங்கே பள்ளி, மணி, பாடநூல் எல்லாம் தயார், நான் இருந்தபோது சனிக்கிழமை தவிர தினமும் வகுப்பு நிறைந்திருந்தது, ஆசிரியராக வேலை பார்த்த உணர்வு கிடைக்கும். கம்போங்கில் சில சனிக்கிழமை நாலே பிள்ளைகள், டுரியான் விழும் காலத்தில் ஒருவரும் இல்லை. இரண்டு வருடத்தில் ஒரு பெண் இப்போது தட்டுத் தடுமாறாமல் வாசிக்கிறாள். அது என்னால்தானா, பள்ளியில் அவளுடைய ஆசிரியரால்தானா என்றால், என் பங்கு கொஞ்சம் இருக்கலாம், அதற்கு மேல் உரிமை கொண்டாட மாட்டேன். பாரியோ அழகு, குளிர், அந்த அரிசிச் சோறு நாக்கிலேயே நிற்கும். ஆனால் அங்கே வாழும் கெலாபிட் மக்களில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் நிறையப் பேர், என் தோழியைவிட நல்ல ஆங்கிலம் பேசும் தாத்தா பாட்டிகள் அங்கே இருந்தார்களாம். அவள் பாடம் நடத்தியதைவிட வயலில் நின்றதுதான் அதிகம்.

எங்கம்மா கேட்பது வேறு: "நம்ம தமிழ்ப்பள்ளியிலயே பிள்ளைங்க குறைஞ்சுக்கிட்டு வருது, நீ காட்டுக்குப் போறியே?" நியாயமான கேள்வி. வாரத்தில் ஐந்து நாள் டியூஷனில் நம் பிள்ளைகளோடுதானே இருக்கிறேன் என்பேன், அம்மா சமாதானம் ஆவதில்லை.

ஆக தங்கச்சி, மூணு மாசம் இருக்கிறதென்றால் ஒரு சனிக்கிழமை என்னோடு ஹைலக்ஸில் ஏறிப் பார். அனுமதிக்கு இப்போதே கேட்டு வைக்க வேண்டும், நாளாகும். இல்லை, நேப்பாளம்தான் என்றால் தடுக்க மாட்டேன், ஏற்பாட்டாளரிடம் முதலில் விசாவைப் பற்றிக் கேள். அப்புறம், உனக்கு முன்னால் வந்தவர் எந்தப் பாடத்தில் நிறுத்தினார் என்று கேள். அதற்குப் பதில் தெரியவில்லை என்றால் காசைக் கட்டாதே.