அன்னாசிப்பூவுக்கு எத்தனை எக்ஸ்? விலை குறைந்த மேனுவல் மேக்ரோ லென்ஸ்கள்

கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அதன் அறைகளுக்குள் சிறு கரண்டியால் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சிமெண்ட் குழம்பை ஊற்றுவார்கள். அப்புறம் அச்சை மெல்லத் தூக்குவார்கள். அந்த நொடியில் பக்கத்துப் பக்கத்து வண்ணங்கள் ஒன்றையொன்று தொடும், ஆனால் கோடு கலையாது. காரைக்குடி பக்கத்து ஆத்தங்குடியில், டைல்ஸ் பட்டறையில் எடுக்க வேண்டிய ஷாட் அது ஒன்றுதான். மற்றதை எல்லாம் போனிலேயே எடுத்துவிடலாம்.

முதல் முறை போனபோது கையில் இருந்தது ஒரு குட்டை மேக்ரோ லென்ஸ், மிகக் கிட்டப் போய்ச் சின்னதைப் பெரிதாகக் காட்டும் வகை. வண்ணக் கோடு ஃபோகஸில் வந்து நின்றபோது, லென்ஸ் முனை கிட்டத்தட்ட அச்சின் மேலேயே உட்கார்ந்திருந்தது. அச்சைத் தூக்க இடமில்லை. வேலை செய்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, ஒண்ணு நீங்க எடுங்க, இல்ல நாங்க எடுக்குறோம்” என்றார்.

மேக்ரோ வாங்கப் போனால் எல்லோரும் முதலில் கேட்பது “எத்தனை எக்ஸ்?”, அதாவது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்றுதான். வீடியோவுக்கு அது மூன்றாவது கேள்வி. லென்ஸ் முனைக்கும் பொருளுக்கும் நடுவே எவ்வளவு இடம் மிஞ்சும், எவ்வளவு வெளிச்சம் மிஞ்சும் என்ற இரண்டும் அதற்கு முன்னால் வர வேண்டும்.

ஏபிஎஸ்-சி கேமராவின் சென்சார், அதாவது படம் பதியும் சில்லு, அகலம் சுமார் 23.5 மி.மீ. ஒன்றுக்கு ஒன்று, அதாவது 1எக்ஸ் என்றால் ஃபிரேமில் விழுவதும் அதே 23.5 மி.மீ. தான். நல்ல அன்னாசிப்பூ ஒன்று அதில் முழுசாக அடங்காது. பாதி அளவில், அதாவது 0.5எக்ஸில், 47 மி.மீ. கிடைக்கும், பூ அடங்கி, சுற்றிலும் கொஞ்சம் கல்பாசி, மராட்டி மொக்கு வைக்கவும் இடமிருக்கும். 2எக்ஸில் 12 மி.மீ. கூட இல்லை. அங்கே கடுகுதான் கதாநாயகன். இன்னொன்றும் உண்டு: 4கே-யில் எடுத்து ஃபுல் எச்டி-யில் கொடுப்பவர் எடிட்டிங்கில் இரண்டு மடங்கு உள்ளே போகலாம். பாதி அளவு லென்ஸ் அங்கேயே முழு அளவாகிவிடும். இதைக் கணக்கில் எடுக்காமல்தான் பலர் 2எக்ஸுக்குக் காசு கொடுக்கிறார்கள்.

வெளிச்சக் கணக்கு இன்னும் கறாரானது. பெரும்பாலான மேனுவல் மேக்ரோக்களில், ரிங்கில் எஃப்/2.8 என்று இருந்தாலும் (எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும்) 1எக்ஸ் போகும்போது நடைமுறையில் எஃப்/5.6 ஆகிவிடும். 2எக்ஸில் எஃப்/8-ஐயும் தாண்டும். அதுவும் முழுதாகத் திறந்து வைத்தால். ஃபோகஸில் நிற்கும் ஆழம் கொஞ்சம் வேண்டுமென்று ரிங்கை எஃப்/8-க்குத் திருப்பினால் 1எக்ஸில் எஃப்/16. போட்டோ என்றால் ஷட்டரை இறக்கலாம், ஃபிளாஷ் போடலாம். வீடியோவில் 25 ஃபிரேமுக்கு 1/50 என்று ஷட்டர் கட்டிப்போட்டிருக்கிறது. நம் செட்டிநாட்டு வீடுகளிலோ வளவை (நடு முற்றத்தை) தாண்டி இரண்டு எட்டு வைத்தால் இருட்டு. அந்த எஃப்/8-இல்கூட 1எக்ஸில் கிடைக்கும் ஆழம் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. பாதி அளவில் கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர். ஓடும் படத்தில் இந்த வித்தியாசம்தான் வேலை நடக்குமா நடக்காதா என்பது.

சரி, லென்ஸ்களுக்கு வருவோம்.

டிடிஆர்ட்டிசன் 40 மி.மீ. எஃப்/2.8, 2021-இல் வந்தபோது 99 டாலர். 1எக்ஸ் வரை போகும், உலோக உடம்பு, இந்த விலைக்குக் குறை சொல்ல வாய் வராத ஷார்ப்னஸ். ஆனால் மிகக் கிட்ட ஃபோகஸ் ஆகும் தூரம் 17 செ.மீ. இந்தத் தூரம் சென்சாரிலிருந்து அளப்பது. கேமரா உடம்பையும் லென்ஸ் நீளத்தையும் கழித்தால் முனைக்கு முன்னால் சில சென்டிமீட்டர்தான் மீதி. லென்ஸின் நிழலே பொருள் மேல் விழும். மேஜை மேல் அசையாமல் கிடக்கிற பொருளுக்கு இதைவிட மலிவாக நல்லது கிடைக்காது. கண்டாங்கிச் சேலையின் கட்டத்தில் நூல் நூலாகப் போக வேண்டுமா, ஜன்னலோரம் விரித்துப் போட்டு எடுங்கள், அருமையாக வரும். அடுப்பங்கரைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஒரு கல்யாண வீட்டில் தாளிப்பை எடுக்க வடசட்டிக்கு மேல் குனிந்து நின்ற என்னிடம், “கேமராவையும் சேத்துத் தாளிச்சிரவாப்பா?” என்று ஆச்சி கேட்டார்கள். அன்று பில்டர் கண்ணாடி போட்டிருந்ததால் பிழைத்தேன்.

செவன்ஆர்ட்டிசன்ஸ் 60 மி.மீ. எஃப்/2.8 அந்தச் சங்கடத்தைப் பாதி தீர்க்கிறது. அதுவும் 1எக்ஸ், கிட்ட ஃபோகஸ் 26 செ.மீ. இடம் கொஞ்சம் தாராளம். கனம்தான் தொந்தரவு, அரைக் கிலோவுக்கு மேல். சின்ன கேமராவில் மாட்டினால் மூக்கு கவிழும்; கேமராவை நகர்த்தும் தண்டவாளமான ஸ்லைடர் மலிவானது என்றால் நடுவில் தொய்யும்.

லாவோவா 65 மி.மீ. எஃப்/2.8 வேறு ரகம். 2020-இல் 399 டாலருக்கு வந்தது. 2எக்ஸ் போகிறது, எடை 335 கிராம்தான். ஃபோகஸ் மாற்றும்போது குழல் முன்னால் நீளாது. அப்போகுரோமேட்டிக் வடிவமைப்பு என்பதால் பளபளப்பின் ஓரத்தில் ஊதாவும் பச்சையும் கசிவது மிகக் குறைவு. இது வெறும் விளம்பரப் பேச்சு இல்லை. தட்டில் வைத்த கழுத்திருவை, அதாவது நகரத்தார் கல்யாணத் தாலியை, எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தங்க விளிம்பு ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி வெளிச்சம் தெறிக்கும், மலிவு லென்ஸில் அத்தனை புள்ளிக்கும் ஊதாக் கரை கட்டும். கலர் கரெக்‌ஷனில் உட்கார்ந்து அதைத் துடைப்பது பெரும்பாடு. மாதம் நாலு நகை வேலை வருகிறவர் யோசிக்காமல் இதை வாங்கலாம். 2எக்ஸை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அந்த உருப்பெருக்கத்தில் யாராவது பக்கத்தில் நடந்தாலே படம் ஆடும். பழைய மரத்தளம் உள்ள மாடி என்றால் கேட்கவே வேண்டாம்.

கடைசியாக, என் பையில் நிரந்தரமாக இருப்பது: நிக்கான் மைக்ரோ-நிக்கார் 55 மி.மீ. எஃப்/2.8. 1980-ஐ ஒட்டி வந்த மாடல், பழைய லென்ஸ் விற்பவர்களிடம் தேடினால் கிடைக்கும். தானாகப் போவது பாதி அளவு வரைதான். 27.5 மி.மீ. நீட்டிப்புக் குழாய் (லென்ஸைக் கேமராவிலிருந்து தள்ளி வைக்கும் வெற்றுக் குழாய்) ஒன்றைப் பின்னால் போட்டால் 1எக்ஸ். பாதி அளவில் முனைக்கு முன்னால் சுமார் பத்து சென்டிமீட்டர் இடம் இருக்கிறது. பட்டறையில் அச்சு தாராளமாக மேலே வந்தது. முன்கண்ணாடி குழிக்குள் ஆழமாக உட்கார்ந்திருப்பதால் தெறிப்பும் பக்கவாட்டு வெளிச்சமும் எளிதில் அண்டாது. ஃபோகஸ் ரிங் நிதானமாக, வெண்ணெய் மாதிரி சுழலும். கோட்டிலிருந்து கோட்டுக்கு ஃபோகஸை நகர்த்தும்போது கை பதறாது.

இந்த லென்ஸுக்கு ஒரு பொதுவான நோய் உண்டு. உள்ளே இருக்கும் கிரீஸின் எண்ணெய் பிரிந்து, வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் அப்பெர்ச்சர் பிளேடில் இறங்கிவிடும். எஸ்எல்ஆரில் போட்டோ எடுப்பவருக்கு அது பெரிய குறை. ஷட்டர் திறப்பதற்குள் பிளேடு மூடாது. நமக்கோ மிரர்லெஸ்ஸில் சாதா அடாப்டர் போட்டு மாட்டும்போது, ரிங்கைத் திருப்பிய இடத்தில் பிளேடு அப்படியே நிற்கிறது. ஒரு நொடி தாமதித்து மூடினால் என்ன கெட்டது? ‘பிளேடில் எண்ணெய்’ என்று எழுதி விலையைக் குறைத்துப் போட்டிருந்தால், முழுக்க ஒட்டிப்போகவில்லையா என்று மட்டும் கேட்டுவிட்டு வாங்கலாம். ஃபோகஸ் ரிங் இறுகியிருந்தால் வேண்டாம். கேமராவைத் தொடாமல் அதைத் திருப்ப முடியாது, படம் குலுங்கும். ரிங்கில் ஸ்டாப்புக்கு ஸ்டாப் ‘டிக்’ என்று நிற்பதால் ரெக்கார்டிங் நடுவில் வெளிச்சத்தை மெல்ல மாற்றவும் வராது. அதற்கு ஐஎஸ்ஓ-வை, அதாவது சென்சாரின் ஒளி உணர்வைத்தான் நம்ப வேண்டும்.

வெறும் நீட்டிப்புக் குழாயோடு பழைய 50 மி.மீ. போதாதா என்று கேட்பார்கள். போதும். 25 மி.மீ. குழாய் போட்டால் பாதி அளவு, 50 போட்டால் முழு அளவு, குழாய்க்குள் கண்ணாடியே கிடையாது, அதனால் விலையும் கிடையாது. ஆனால் மாட்டியபின் தூரத்தில் எதுவும் ஃபோகஸ் ஆகாது. ஆச்சி கையை எடுத்துவிட்டு முகத்துக்குப் போக வேண்டுமென்றால் லென்ஸைக் கழற்ற வேண்டும். அதற்குள் பணியாரம் திருப்பிப் போட்டாகிவிடும்.

எதை மாட்டினாலும் முதலில் மெனுவுக்குள் போய் ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கலாம்’ என்பதைப் போட்டுவிடுங்கள்; இல்லாவிட்டால் சில கேமராக்கள் பொத்தானை அழுத்தினாலும் அசையாது. பாடிக்குள் ஆட்டத்தைத் தணிக்கும் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் ஃபோகல் லெங்த்தைக் கையால் பதிய வேண்டும். நான் 55 போட்டு வைத்திருக்கிறேன். குழாய் சட்டைப் பையில். ஆத்தங்குடியில் இதுவரை அதை வெளியே எடுத்தது ஒரே முறை, காய்ந்த டைல்ஸிலிருந்து கண்ணாடித் தகட்டைப் பிரிக்கும்போது அதன் ஓரத்தில் ஓடும் மினுமினுப்புக்காக.