சுங்கை சிப்புட் சப்ளிமெண்ட் கடை: கிரியேட்டின் சரி, மாத்திரைப் பக்கம் போகாதீர்கள்

பட்டணத்துக் கடைவரிசையில் ஒரு சப்ளிமெண்ட் கடை (உடற்பயிற்சி செய்பவர்களுக்கான சத்துப்பொடி, மாத்திரை விற்கிற கடை) திறந்து ஏழெட்டு மாதம் ஆகிறது. கடைப் பெயரை இங்கே நான் போடவில்லை. நான் தமிழ்ப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர், சாயங்காலம் ஜிம்மில் நாலைந்து பேருக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன், அதனால் நான் உள்ளே போன முதல் நாளே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கலப்பில்லாத கிரியேட்டின் மோனோஹைட்ரேட், அதாவது தசைக்குப் பலம் கொடுக்கிற பொடி, 300 கிராம் 65 வெள்ளி (ரிங்கிட்). ஈப்போவில் இதைவிடக் கூடக் கொடுத்திருக்கிறேன். தினம் 5 கிராம் போட்டால் இரண்டு மாதத்துக்கு வரும். முதல் வாரம் நாளுக்கு 20 கிராம் போடுங்க சார் என்றான் கடைத் தம்பி. அவசியமில்லை, 3 முதல் 5 கிராம் எடுத்தாலே மூன்று நாலு வாரத்தில் தசையில் அதே அளவுக்குச் சேர்ந்துவிடும். ஆனால் ரத்தப் பரிசோதனைக்குப் போனால் டாக்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்; இதை எடுத்தால், சிறுநீரகம் நன்றாக இருந்தாலும், அதைச் சோதிக்கப் பார்க்கிற கிரியேட்டினின் அளவு கூடிக் காட்டலாம். நான் சொல்லாமல் போய், கிரியேட்டினின் கூடியிருக்கிறது, சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும் என்றதும் ஒரு வாரம் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

வே புரோட்டீன், அதாவது பாலிலிருந்து எடுக்கிற புரதப் பொடி, 5 பவுண்டு டப்பா 320 வெள்ளி. ஒரு ஸ்கூப்பில் (அளவுக் கரண்டியில்) 24 கிராம் புரதம், கணக்குப் போட்டால் ஒரு ஸ்கூப் நாலு வெள்ளிக்கு மேல். அதே புரதம் நாலு முட்டையில் இருக்கிறது, இரண்டு வெள்ளிகூட ஆகாது. காலை ஆறரைக்குப் பள்ளிக்கு ஓடுகிற அவசரத்தில் கலக்கிக் குடிக்க வசதி, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த பிரீ-ஒர்க்அவுட், பயிற்சிக்கு முன் சுறுசுறுப்புக்குக் கலக்கிக் குடிக்கிற பொடி. ஒரு ஸ்கூப்பில் 300 மில்லிகிராம் காஃபின். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு மொத்தம் 400க்குள் என்பார்கள், நான் ஏற்கெனவே ஒட்டுக்கடையில் இரண்டு காப்பி ஓ குடித்திருந்தேன். மாலை ஐந்தரைக்குக் குடித்தது, முகமெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி (அது அதில் கலந்திருக்கிற பீட்டா அலனின் என்ற பொருள் செய்கிற வேலை, பயப்பட ஒன்றுமில்லை), விடியற்காலை மூன்று மணி வரைக்கும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன், மறுநாள் விளையாட்டுப் போட்டி ஒத்திகை வேறு.

எனக்குக் கோபம் வந்தது மாத்திரையில்தான். தொப்பை குறைய என்று ஒரு டப்பாவை நீட்டினார்கள், திருப்பிப் பார்த்தால் சுகாதார அமைச்சின் எம்.ஏ.எல். (MAL) பதிவு எண்ணும் இல்லை, அசல் என்று காட்டும் ஹோலோகிராம் ஒட்டியும் இல்லை. மாத்திரை, கேப்சூல் வடிவில் விற்கிற சத்துப்பொருளுக்கு அந்த எண் கட்டாயம். மெலிய வைக்கும் மாத்திரையிலும் காப்பித்தூளிலும் பசியைக் குறைக்கிற சிபுட்ராமின் என்ற மருந்தைக் கலந்து பிடிபட்ட கதை நம் நாட்டில் எத்தனை! இதயத்துக்கு ஆகாது என்று 2010லேயே பல நாடுகளில் சந்தையை விட்டு எடுத்த மருந்து அது. கேட்டால், "இது வெளிநாட்டுச் சரக்கு சார், நம்பர் தேவையில்லை" என்கிறான்.

போதாததற்கு, என் பேரைச் சொல்லி யார் வாங்கினாலும் டப்பாவுக்கு 20 வெள்ளி எனக்குத் தருகிறார்களாம். தோட்டத்துப் பெற்றோர் வாத்தியார் சொன்னால் கேள்வி கேட்காமல் வாங்குவார்கள் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. வேண்டாம் என்று வந்துவிட்டேன். அடுத்த வாரமே ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன், "சார், நீங்க குடிக்கிற மாவு எங்க விக்கிது?" என்று கேட்டான். அன்றிலிருந்து ஷேக்கரைத் திடல் பக்கம் கொண்டுபோவதில்லை.

கிரியேட்டின் தீர்ந்தால் மட்டும் அங்கே போவேன். மத்தியானம் போங்கள், சாயங்காலம் கார் நிறுத்த இடம் கிடைக்காது.