இரண்டாவது கியர் இடித்த சிட்டி: வீட்டில் எண்ணெய் மாற்றி 2 வருடம், 26,000 கி.மீ.

என்னுடையது 2011 ஹோண்டா சிட்டி, ஐந்து கியர் மேனுவல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. காலையில் எடுத்ததும் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போனால் லிவர் பாதியில் நின்று இடிக்கும், அழுத்தினால் கர்ரென்ற சத்தத்தோடு விழும். பத்து நிமிடம் ஓடிச் சூடாகிவிட்டால் அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. காட்டிய இரண்டு இடத்திலும் சிங்க்ரோ (கியர் மாறும்போது வேகத்தைச் சமன் செய்யும் வளையம்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கணும் என்றார்கள்.

இறக்குவதற்கு முன்னால் கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றிப் பார்ப்போம் என்று தோன்றியது. சிங்க்ரோ வளையம் கியரில் உள்ள கூம்பைப் பற்றிப் பிடித்து இரண்டு பக்கத்தின் வேகத்தையும் ஒன்றாக்கினால்தான் கியர் சத்தமில்லாமல் விழும். அப்படிப் பற்றுவதற்கு நடுவில் உள்ள எண்ணெய்ப் படலம் விலக வேண்டும். எண்ணெய் கெட்டியாக இருந்தால் அதற்கு நேரமாகும், குளிரில் இன்னும் அதிகமாகும், அதற்குள் நாம் லிவரைத் தள்ளிவிடுகிறோம்.

சரி, செய்த விதம். வண்டியைக் கால் மணி நேரம் ஓட்டி எண்ணெயை வெதுவெதுப்பாக்கிக்கொண்டு, நான்கு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்து மட்டமாக நிறுத்தினேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடவே விடாதீர்கள். கழற்றும்போது முதலில் மேலே இருக்கும், எண்ணெய் ஊற்றும் ஃபில்லர் போல்ட், அது கழன்றதும்தான் கீழே எண்ணெய் வடிக்கும் டிரெய்ன் பிளக். இந்த வரிசையை மாற்றக் கூடாது. எண்ணெயை வடித்துவிட்டு ஃபில்லர் இறுகிப்போய்க் கழலவில்லை என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கவேண்டியதுதான். ஹோண்டாவின் டிரெய்ன் பிளக்கில் சதுரக் குழி இருக்கும், 3/8 இன்ச் ராட்செட்டை சாக்கெட் இல்லாமல் அப்படியே நுழைக்கலாம். ஃபில்லருக்கு 17 ஸ்பேனர்.

பிளக் கழன்றதும் முதலில் வந்தது வாடைதான். கந்தகம் கலந்த அந்த வாடை, லாரி மெக்கானிக் ஷெட் பக்கம் போனவர்களுக்கு நன்றாகத் தெரியும். முன்னால் வைத்திருந்தவருக்கு யாரோ 90 ஆயில் என்ற கெட்டியான கியர் ஆயிலை ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த கியர்பாக்ஸுக்கு வேண்டியது ஹோண்டாவின் எம்டிஎஃப் (மேனுவல் கியர்பாக்ஸ் எண்ணெய்), அது கிட்டத்தட்ட இன்ஜின் ஆயில் அளவுக்கு இளகியது. எம்டிஎஃப் கிடைக்காவிட்டால் தற்காலிகமாக 10டபிள்யூ-30 இன்ஜின் ஆயில் ஊற்றலாம் என்று ஹோண்டாவின் பல கையேடுகளிலேயே இருக்கிறது. அதிலிருந்தே புரியும், 90 எவ்வளவு கெட்டி என்று. பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்தால் மை போல வழவழவென்று பரவியது, நெருடவில்லை. அது சாதாரணத் தேய்மானம். பல் துண்டோ செதிலோ வந்திருந்தால் நானே கியர்பாக்ஸை இறக்கக் கொடுத்திருப்பேன்.

இரண்டு பிளக்குக்கும் புது அலுமினிய வாஷர். இறுக்கும் அளவு டிரெய்ன் 39, ஃபில்லர் 44 நியூட்டன் மீட்டர். உறை அலுமினியம், மரை போய்விட்டால் பெரிய செலவு, அதனால் இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சை இரவல் வாங்கியாவது வைத்துக்கொள்ளுங்கள். புது எண்ணெயை மேலிருந்து புனலும் ஒரு மீட்டர் டியூபும் வைத்து ஊற்றினேன். ஃபில்லர் துளையில் வழிய ஆரம்பித்தால் அளவு சரி. எனக்கு ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் கூடக்குறையப் பிடித்தது.

முதல் நாள் வித்தியாசம் பாதிதான், அதை மறைக்க விரும்பவில்லை. வடித்தாலும் பழைய எண்ணெய் உள்ளே கொஞ்சம் தங்கத்தான் செய்யும். 1,500 கிலோமீட்டரில் திரும்பவும் மாற்றினேன், அப்போதும் அந்த வாடை லேசாக இருந்தது. அதற்கப்புறம்தான் காலை இடி முழுதாக நின்றது. ரிவர்ஸும் இப்போது ஒரே தடவையில் விழுகிறது.

அதிலிருந்து 2 வருடம் ஆகிறது. டிசம்பரில் ஏற்காட்டில் ஒரு இரவு தங்கி, விடியற்காலையில் குளிர்ந்து கிடந்த வண்டியை எடுத்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கினேன். ஒவ்வொன்றிலும் மூன்றிலிருந்து இரண்டுக்கு வரவேண்டும், ஒன்றில்கூட லிவர் தடுக்கவில்லை. போன மாதம் மூன்றாவது முறை மாற்றியபோது எண்ணெய் தேன் நிறத்தில் வந்தது, காந்தத்தில் பசையும் பாதிதான். இனி 40,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்று நினைக்கிறேன்.

உங்கள் வண்டி வேறு என்றால் கையேட்டைப் பார்த்துவிட்டு எண்ணெய் வாங்குங்கள். 75டபிள்யூ-90 என்ற கெட்டித்தன்மை எண்ணை மட்டும் பார்த்து எடுத்துவிடாதீர்கள், ஜிஎல்-4 தர கியர் ஆயில் கேட்டிருக்கும் கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால் அதில் கூடுதலாக இருக்கும் கந்தகச் சேர்மானம் பித்தளை சிங்க்ரோவுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டவேண்டாம். நான் புது எண்ணெய் வந்த கேனிலேயே பிடித்து, பழைய ஆயில் சேர்த்துக் கொடுக்கும் வொர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுகிறேன்.