லத்தீன் கவிதைக்குச் சொற்கள்: பட்டியல் வழியா, பாட்டு வழியா?

அமெரிக்காவின் டிக்கின்சன் கல்லூரி வெளியிட்ட லத்தீன் அடிப்படைச் சொற்பட்டியலில் சுமார் 1000 சொற்கள் இருக்கின்றன. சாதாரண லத்தீன் நூலில் ஏறக்குறைய 70 விழுக்காடு இவையே. நாளுக்கு 15 என்றால் பத்து வாரத்தில் முடியும். மாற்று வழி, ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் ‘ஈனியட்’ காப்பியத்தின் முதல் காண்டத்தை (756 அடிகள்) எடுத்து, வரும் சொற்களை வந்தபடியே கற்பது.

பட்டியலின் பலம் வேகம். பலவீனம், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று மனம் பழகிவிடுவது. ‘அல்துஸ்’ என்றால் உயரமான, ஆழமான என்று படித்தவர், ஈனியட்டின் மூன்றாம் அடியிலேயே அதன் வடிவமான ‘அல்தோ’ ஆழ்கடலைக் குறிக்கும்போது தடுமாறுவார். கப்பலுக்கு ‘நாவிஸ்’ மட்டும் போதாது. அடிக்கட்டையான ‘கரீனா’, பின்பகுதியான ‘புப்பிஸ்’ இரண்டும் முழுக் கப்பலுக்கு நிற்கும். நம் இலக்கணத்தின் சினையாகுபெயர்தான் இது. இதைப் பாட்டுதான் கற்றுத்தரும்.

ஆனால் வெறுங்கையோடு பாட்டில் இறங்கினால் நேரமெல்லாம் அகராதியிலேயே போகும். அபூர்வச் சொற்கள் நினைவை அடைக்கும், ‘ஏனெனில்’, ‘ஆயினும்’ போன்ற இணைப்புச் சொற்கள் நழுவும்.

ஆகவே பட்டியலில் முதல் 500, பிறகு நாளுக்கு 10 அடி. இதுவே எங்கள் பரிந்துரை. எந்த வழியானாலும் சொல் எழுதிவைக்கும் அட்டையில் வினையின் நான்கு அடிப்படை வடிவங்களையும் எழுதுங்கள். ‘சுமத்தல்’ என்ற வினைக்கு: ஃபெரோ, ஃபெர்ரே, துலி, லாதும். முதலாவதை மட்டும் அறிந்தவருக்கு ‘துலித்’ (சுமந்தான்) புதுச்சொல்லாகவே தெரியும். குறில் நெடிலையும் விடாதீர்கள்: ‘லெவிஸ்’ எடை குறைந்தது, ‘லேவிஸ்’ வழவழப்பானது. ரோமன் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்; தமிழில் எழுதிவைத்தால் குழப்பமே இல்லை.