கடைச் சரக்கா, வீட்டுச் சரக்கா: சிரபுஞ்சி மழையில் இரண்டு முதுகுப்பைகள்

பயணத்துக்குப் பை கட்டுவது பற்றி யாரிடம் கேட்டாலும் எடையைத்தான் முதலில் சொல்வார்கள். உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூக்காதே என்பார்கள். டூத் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக வெட்டி எடுத்துப்போகிறவர்கள்கூட இருக்கிறார்கள். நானும் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்துப் பை கட்டியவன்தான். போன ஜூலையில் மேகாலயா போய் ஐந்து நாள் ஊறிவிட்டு வந்த பிறகு அந்தத் தராசை அதன் இடத்திலேயே வைத்துவிட்டேன். மழைக்காலத்தில் மலைக்குப் போகிறவன் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ராத்திரி நனைந்தால் காலைக்குள் காயுமா?

ஒப்பிட்டுப் பார்க்கிற வாய்ப்பு தானாக அமைந்தது. உடன் வந்தவர் மச்சான், அக்கா வீட்டுக்காரர். சென்னிமலைப் பக்கம் தறி வைத்திருக்கிறார். ‘ட்ரெக்கிங்’ என்று எழுதி விற்கும் எதையும் அவர் நம்புவதில்லை. நான் நேர் எதிர். மூன்று மாதமாக ஆன்லைனில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்திருந்தேன். ஆக, ஈரோட்டில் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறும்போது (கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகர் வரை 4,000 கி.மீ.க்கு மேல் ஓடுகிறதே, அதேதான்) என் பையில் கடைச் சரக்கு, அவர் பையில் வீட்டுச் சரக்கு. அப்புறம் இரண்டும் ஒரே மழையில் நனைந்தன.

மழை என்றால் எப்படிப்பட்ட மழை என்று சொல்லிவிடுகிறேன். ஈரோட்டுப் பக்கம் வருஷம் முழுக்கப் பெய்வது 700 மி.மீ. சொச்சம். சிரபுஞ்சியின் ஆண்டு சராசரி 11,000 மி.மீ.க்கு மேல், அதில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள். நம் ஊருக்கு ஒரு வருஷத்தில் கிடைப்பது அங்கே ஜூலையில் ஒரு வாரத்தில் கொட்டிவிடும். குவாஹாட்டியில் இறங்கி ஷில்லாங் 100 கி.மீ., அங்கிருந்து சோரா இன்னும் 55 கி.மீ. (சிரபுஞ்சியை உள்ளூரில் சோரா என்றுதான் சொல்கிறார்கள்). பிறகு டிர்னா கிராமத்தில் வண்டியை விட்டுவிட்டு மூவாயிரத்துக்கு மேல் படிகள் இறங்கி ஏறினால் நோங்ரியாட். ரப்பர் ஆலமரத்தின் விழுதுகளைப் பின்னிப் பின்னி அந்த மலையின் காசி பழங்குடி மக்கள் வளர்த்தெடுத்த இரட்டை அடுக்கு வேர்ப்பாலம் அங்கேதான் இருக்கிறது. ஊருக்கு வண்டிப் பாதை கிடையாது, ஏடிஎம் கிடையாது. முதுகில் இருப்பதை வைத்து இரண்டு ராத்திரி ஓட்ட வேண்டும்.

துண்டிலிருந்து தொடங்குகிறேன், எங்கள் சண்டையே அதில்தான் தொடங்கியது. என்னுடையது மைக்ரோஃபைபர் (பெரும்பாலும் மெல்லிய பாலியெஸ்டர் இழை), 150 கிராம், மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். அவருடையது ஈரிழைத் துண்டு, விரித்துப் பிடித்தால் அந்தப் பக்கம் இருப்பவர் முகம் தெரிகிற அளவுக்கு மெல்லிசு. “மாப்ள, இது ஒடம்பு தொடைக்கறதா, இல்ல மூக்குக்கண்ணாடி தொடைக்கறதா?” என்று சேலம் தாண்டும் முன்பே ஆரம்பித்துவிட்டார். கேலியில் நியாயம் இருக்கிறது. மைக்ரோஃபைபரை உடம்பில் தேய்த்தால் இழுபடும், ஒத்தி ஒத்தித்தான் எடுக்க வேண்டும். ஆனால் காய்வதில் அதை மிஞ்ச முடியாது. பாலியெஸ்டர் இழை தன் எடையில் அரை சதவீத ஈரத்தைக்கூட உள்ளே வாங்குவதில்லை, பருத்தியோ சாதாரணக் காற்றிலேயே எட்டு சதவீதம் அளவுக்கு வைத்துக்கொண்டிருக்கும். முதல் ராத்திரி திண்ணைக் கொடியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். காலையில் என்னுடையது காய்ந்தது என்றே சொல்லலாம், அவருடையது குளுகுளுவென்று இருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இரண்டாம் ராத்திரி நோங்ரியாட்டில் தங்கிய வீட்டுக்காரம்மா துணிகளை அடுப்படியில் போடச் சொன்னார். விறகடுப்புக்கு மேலே மூங்கில் பரண், அதில்தான் அவர்கள் எல்லாவற்றையும் காயவைக்கிறார்கள். ஈரிழைத் துண்டு அரை மணியில் மொடமொடப்பாகிவிட்டது, புகை வாசனையோடு. என் துண்டில் ஒரு தீப்பொறி தெறித்து, பொசுங்கி, பட்டாணி அளவுக்கு ஓட்டை. ஓட்டையைச் சுற்றி உருகி இறுகிய கறுப்பு விளிம்பு. போதாக்குறைக்கு நான்காம் நாள் மைக்ரோஃபைபரில் ஒரு வாடை வந்தது, அலசினாலும் போகவில்லை. ஆக வெயில் ஊருக்கு எதுவும் சரி, அடுப்பு கிடைக்கிற மழை ஊருக்கு ஈரிழைதான். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய்ப்பூத் துண்டை மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒரு தடவை நனைந்தால் ஊர் திரும்பும்வரை காயாது.

அடுத்து மழைக்கு மேலே போடுவது. இதில் போட்டியாளர்கள் நாலு பேர். மச்சானிடம் மூன்று மடிப்புக் குடையும், பைக் ஓட்டும்போது போடுகிற சட்டை-பேன்ட் ரெயின்கோட்டும். என்னிடம் தலைவழியாக மாட்டிப் போர்த்துகிற போன்ச்சோ. நாலாவது எங்கள் இருவரிடமும் இல்லாதது; அதைக் கடைசியில் சொல்கிறேன்.

குடை, சோரா மேட்டில் இறங்கிய பத்தாவது நிமிஷம் காற்றில் மேல்நோக்கி மலர்ந்து இரண்டு கம்பி ஒடிந்தது. படியில் இறங்கும்போது ஒரு கை படியோரக் கைப்பிடிக் கம்பியைப் பிடிக்க வேண்டியிருக்கிறது, இன்னொரு கையைக் குடைக்குக் கொடுத்துவிட்டால் வழுக்கும்போது பிடிக்கக் கையில்லை. பைக் ரெயின்கோட் மழையை நன்றாகத் தடுத்தது, ஆனால் உள்ளே வியர்வை ஆவியாகப் போக வழியில்லை. படி ஏறி முடித்து அவர் கழற்றியபோது மழையில் நனைந்திருந்தாலும் அவ்வளவுதான் நனைந்திருப்பார். போன்ச்சோவில் காற்று கீழிருந்து உள்ளே போய்வரும், முதுகுப்பையையும் சேர்த்து மூடும், உதறிவிட்டு மாட்டினால் கால் மணியில் காய்ந்துவிடும். அதன் கோளாறு வேறு: முன்பக்கம் தொங்குவதால் படி இறங்கும்போது கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாது. நான் இரண்டு தடவை தடுமாறிய பிறகு மச்சான்தான் தன் பையிலிருந்த கயிற்றால் என் இடுப்பில் ஒரு கட்டுக் கட்டிவிட்டார். கயிறோடு சேர்ந்த போன்ச்சோ நல்ல சாமான், கயிறில்லாமல் ஆபத்து.

பையை மழையிலிருந்து காப்பாற்றுவதில் கடைக்காரர்கள் நம்மை ஏமாற்றுகிறார்கள் என்றே சொல்வேன். பையோடு ‘ரெயின் கவர்’ ஒன்று தருகிறார்கள், அது முன்பக்கத்தை மட்டும்தான் மூடுகிறது. தண்ணீர் நம் கழுத்துவழியாக இறங்கி முதுகுக்கும் பைக்கும் நடுவில் ஓடி, கவரின் அடியிலேயே குளம் கட்டிக்கொள்கிறது. என் பையின் அடியில் கை விட்டபோது கால் டம்ளர் தண்ணீர் இருந்தது, மாற்று உடுப்பு முழுக்க அதில். மச்சான் பையின் வெளியே எதையும் மூடவில்லை. பை நனையட்டும் என்று விட்டுவிட்டு உள்ளே ஒரு பெரிய கனத்த பாலிதீன் உறையை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் போட்டு, வாயை முறுக்கிக் கட்டியிருந்தார். ஒரு சொட்டு போகவில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்த பிறகு இப்படிப்பட்ட பழைய உறைகளை அக்கா மெத்தைக்கு அடியில் சொத்துப்பத்திரம் மாதிரிப் பாதுகாத்துவைத்திருக்கிறாள், அதில் ஒன்றுதான் அது. பழைய உறை இல்லாதவர்கள் வாயைச் சுருட்டி மாட்டுகிற டிரை பேக் வாங்கலாம். மூன்று சுருட்டாவது சுருட்ட வேண்டும், அரைகுறையாகச் சுருட்டினால் அதுவும் ஒழுகும். எப்படியானாலும் காப்பு உள்ளே இருக்கட்டும், வெளியே அல்ல.

காலுக்கு வருவோம். நான் வாங்கியது தண்ணீர் புகாத ட்ரெக்கிங் ஷூ, என் பையிலேயே விலை கூடிய பொருள். தண்ணீர் புகாது என்பது உண்மைதான், கணுக்கால்வரை. ஓடையில் முழங்காலளவு இறங்கினால் மேலே வாய்வழியாக உள்ளே போகும், போனது வெளியே வராது, ஏனென்றால் தண்ணீர் புகாத ஷூவில் தண்ணீர் வெளியேறவும் முடியாது. ஒவ்வொரு அடிக்கும் சளக் சளக். மூன்று நாளும் அது காயவேயில்லை. மச்சான் போட்டிருந்தது பின்பட்டை வைத்த சாதாரண சாண்டல். கல்லில் விரல் இடித்து நகம் ஒன்று கறுத்துப்போனது அதற்குக் கொடுத்த விலை. ஆனாலும் பாசி படிந்த படியில் நன்றாகப் பிடித்தது, ராத்திரி சுவரில் சாய்த்துவைத்தால் காலையில் காய்ந்திருந்தது. பனியோ குளிரோ உள்ள இமயமலைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே ஷூதான். சிரபுஞ்சிக்கு சாண்டல்.

சாண்டல் என்றால் அட்டை ஏறுமே என்பீர்கள். ஏறியது. ஆனால் ஷூவுக்குள்ளும் ஏறியது. வித்தியாசம் என்னவென்றால் சாண்டலில் உடனே கண்ணுக்குத் தெரிந்தது, எனக்கு ராத்திரி சாக்ஸைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. அட்டைக்கென்று முழங்கால்வரை வரும் நெருக்க நெசவு சாக்ஸ் வாங்கியிருந்தேன், அது வேலை செய்தது, ஆனால் ஊறிய பிறகு எப்போது காயும் என்ற அதே பழைய கதை. மச்சான் உப்பைத் துணியில் முடிந்து குச்சி நுனியில் கட்டி எடுத்து வந்திருந்தார். நம் மலைகளில் அது நன்றாக எடுபடும். அங்கே அடித்த மழையில் முதல் நாள் மதியமே உப்பு முழுக்கக் கரைந்துபோய் வெறும் துணிதான் மிச்சம். ஆக இரண்டையும் முழுசாக நம்ப முடியவில்லை. நகத்தை அடியில் கொடுத்து வழித்து எறிவதுதான் மிஞ்சியது. ரத்தம் உறையாமலிருக்க அட்டை ஒரு பொருளை ஊற்றிவிட்டுப் போவதால் கடிவாய் கொஞ்ச நேரம் கசிந்துகொண்டேயிருக்கும், பயப்பட ஒன்றுமில்லை.

பாட்டிலில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. என்னிடம் சூடு தாங்கும் இரட்டைச் சுவர் ஃபிளாஸ்க், அவரிடம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எடுத்துப்போகிற ஒற்றைத் தகட்டு எவர்சில்வர் பாட்டில். ராத்திரி வீட்டுக்காரம்மாவிடம் வெந்நீர் வாங்கி இரண்டிலும் நிரப்பினோம். என் வெந்நீர் காலைவரை சூடாக இருந்தது, அதனால் எனக்கு ஒரு டம்ளர் சூடான தண்ணீர் லாபம். மச்சான் ஈர சாக்ஸை நன்றாகப் பிழிந்து, பாட்டிலுக்கு உறை மாட்டுகிற மாதிரி மாட்டி, கைலிக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு தூங்கினார். ஒற்றைத் தகடு என்பதால் சூடு மெல்ல வெளியே வந்துகொண்டேயிருக்கிறது. காலையில் சாக்ஸில் நுனி மட்டும் லேசாக ஈரம். நல்ல பாட்டில் என்று நான் எதற்குக் காசு கொடுத்தேனோ அதுவே அங்கே குறையாகிவிட்டது. அடுத்த ராத்திரி வெட்கத்தைவிட்டு அந்தப் பாட்டிலை இரவல் கேட்டேன். “ரெண்டு ஜோடி தாங்காது மாப்ள” என்று சொல்லிவிட்டார்.

கைலியைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, மூட்டிய கைலி. எனக்கு ஸ்லீப்பிங் பேக் உள்ளுறை, பட்டு மாதிரி வழவழப்பு, தூங்க மட்டும் உதவும். கைலிக்குள் அவர் தூங்கினார், அருவிக் கரையில் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உடை மாற்றினார், ரயிலில் ஜன்னல் சீட்டில் வெயிலுக்குத் திரை கட்டினார். நூறு சதவீதம் பருத்தி வேண்டாம், பாலியெஸ்டர் கலந்தது போதும், சீக்கிரம் காயும்; தறிக்காரரே சொன்னதால் நம்புகிறேன்.

வெளிச்சத்தில் மட்டும் கடைச் சரக்குக்கு எதிராளியே கிடையாது. அவர் செல்போன் டார்ச்சை நம்பி வந்தார். ஈரம் பட்டதும் போன் சார்ஜ் ஏற மாட்டேன் என்றது, இருட்டில் படி இறங்கக் கையும் வேண்டும். நான் முந்நூறு ரூபாய்க்கு வாங்கிய தலையில் மாட்டும் லைட்டில்தான் இரண்டு பேரும் நடந்தோம். பவர் பேங்க்கைப் பூட்டுவாய்க் கவரில் போட்டு அவருடைய பாலிதீன் உறைக்குள் வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். (விமானத்தில் போகிறவர்கள் பவர் பேங்க்கை லக்கேஜில் போடக்கூடாது, கையில்தான் எடுத்துப்போக வேண்டும்.)

தின்பண்டத்துக்கு எனர்ஜி பாரும் கோவில்பட்டி கடலை மிட்டாயும். மிட்டாய்தான். ஆனால் தனித்தனிச் சிறு பொட்டலமாக வாங்குங்கள், பெரிய பாக்கெட்டைப் பிரித்துவைத்தால் அந்தக் காற்றில் வெல்லம் கசிந்து ஒரே கட்டியாகிவிடுகிறது.

சரி, அந்த நாலாவது. காசி மக்கள் மூங்கிலில் பின்னி, நடுவில் இலை வைத்துச் செய்கிற க்னுப். ஆமை ஓடு மாதிரித் தலையிலிருந்து இடுப்புவரை முதுகை மூடும், கை இரண்டும் வேலைக்குக் கிடைக்கும். நம் ஊரில் சாக்கை மடித்துக் கொங்காடை போட்டுக்கொண்டு வயலில் நிற்பார்களே, அதையே விறைப்பாகச் செய்தால் எப்படியோ அப்படி. காற்றில் மலராது, வியர்க்காது, காயவைக்கும் வேலையே இல்லை. வயலில் குனிந்து வேலை செய்ய அதற்கு நிகர் எதுவுமில்லை, ஆனால் முதுகில் பை மாட்டினவனுக்குச் சரிப்படாது என்று பார்த்தவுடனே தெரிந்தது. மச்சானிடம் எவ்வளவோ சொல்லிப்பார்த்தேன். வாங்கிவிட்டார். ஷில்லாங் சுமோவில் அதற்குத் தனி சீட் காசு கேட்டார்கள். விவேக் எக்ஸ்பிரஸ்ஸில் இரண்டு நாளுக்கும் அதிகமாக மேல் பெர்த்தில் அது படுத்து வந்தது, நாங்கள் இரண்டு பேரும் கீழே உட்கார்ந்து வந்தோம். இப்போது அக்கா அதைக் கொல்லையில் சுவரோரம் சாய்த்துவைத்திருக்கிறாள். மழை வந்தால் பஞ்சாரத்துக் கோழியெல்லாம் அதற்கடியில்தான்.