போலோவில் நானே மாட்டிய ஆண்ட்ராய்டு செட்: இரண்டரை வருட அனுபவம்

காரில் பாட்டு, ரேடியோ, மேப் எல்லாம் ஒரே தொடுதிரையில் வரும் ஆண்ட்ராய்டு செட் ஒன்றை என் ஃபோக்ஸ்வாகன் போலோ காரில் நானே மாட்டியிருக்கிறேன். போன வாரம் சித்தப்பா மகன் போன் செய்தான். "அண்ணே, நீ மாட்டின செட்டு இப்ப 6,800 ரூபாய்க்கு வருது. வாங்கிப் போடவா?" நான் அதை 11,500 கொடுத்து வாங்கியவன். அவனும் இப்போது பழைய போலோ ஒன்று எடுத்திருக்கிறான். போனில் அவனுக்கு நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. வாங்கு என்றும் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அவனுக்கும் ஆகும், இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஆகும்.

என் கார் 2013 போலோ. இரண்டாம் கையாக வாங்கும்போதே செட் கிடையாது, விற்றவர் கழற்றி வைத்துக்கொண்டார். டேஷ்போர்டு நடுவில் வெறும் பொந்து, உள்ளே கப்ளர், அதாவது வயர்கள் சேரும் பிளக், தொங்கியது. திரை எத்தனை இஞ்ச், ரேம் எவ்வளவு என்பதெல்லாம் விற்கிற பக்கத்திலேயே இருக்கிறது, அதற்குள் போகப் போவதில்லை.

நானே மாட்டியதற்குக் காரணம் கூலி இல்லை. கடையில் 1,500 கேட்டார்கள், அது நியாயமான கூலிதான். ஆனால் நான் நிற்கும்போதே இன்னொரு காரின் கப்ளரை வெட்டி, வயரைக் கையால் முறுக்கி, மேலே டேப் சுற்றினார்கள். நம் ஊர் வெயிலில் அந்த டேப்பின் பசை இளகிவிடும். அதற்குள் எப்போதும் 12 வோல்ட் ஓடும் மஞ்சள் வயரும் இருக்கிறது. அதைப் பார்த்ததும் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாட்டும் வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்தது. போலோவில் பொந்தைச் சுற்றியிருக்கும் பட்டையைப் பிளாஸ்டிக் நெம்புகோலால் மெதுவாகத் தூக்கினால் கிளிப் விட்டுவிடும். உள்ளே நட்சத்திரத் தலை ஸ்க்ரூ, அதற்கு டி20 பிட் வேண்டும். காருக்கு உரிய ஃப்ரேமும், காரின் பிளக்கில் அப்படியே பொருந்தும் குவாட்லாக் கப்ளரும் ஒரே கிட்டாகச் சேர்த்து வாங்கியதால் ஒரு வயரைக்கூட வெட்டவில்லை. மஞ்சள் பேட்டரிக்கு, சிவப்பு சாவிக்கு, கறுப்பு எர்த்துக்கு. ஸ்பீக்கருக்கு வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா, ஒவ்வொன்றுக்கும் கறுப்புக் கோடு போட்ட ஜோடி. இந்த நிறங்கள் செட்டின் பக்கத்தில் சரியாக இருக்கும். காரின் பக்கத்தில் அதே நிறம் வரும் என்று நம்பாமல் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கோர்க்க வேண்டும்.

முதல் அடி பத்தாம் நாள் விழுந்தது. வெள்ளி இரவு நிறுத்திய கார் செவ்வாய் காலை ஸ்டார்ட் ஆகவில்லை, டக் டக் என்று சத்தம் மட்டும். என் காரின் கப்ளரில் சாவிக்கென்று தனி வயர் கிடையாது. சாவி திருப்பிய செய்தி இரண்டு தகவல் வயர்கள் வழியாகப் போகிறது. அதைப் படித்துச் சிவப்பு வயருக்கு 12 வோல்ட் கொடுக்கத்தான் கிட்டோடு சின்ன கேன் பாக்ஸ் ஒன்று வருகிறது. எனக்கு வந்த பாக்ஸ் சாவியை எடுத்த பிறகும் கரண்டை விடவில்லை. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் இடையில் கோர்த்து, காரைப் பூட்டி இருபது நிமிடம் காத்திருந்து பார்த்தேன். இப்படிக் காத்திருப்பது அவசியம், காரின் மற்ற கருவிகள் உறங்க நேரம் பிடிக்கும். மீட்டர் இருக்கும்போது ஸ்டார்ட் மட்டும் செய்துவிடக் கூடாது. மீட்டர் 0.38 ஆம்பியர் காட்டியது. 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டியது. 81 மணி நேரத்தில் 31 ஆம்பியர்-அவர் போயிருக்கிறது, என் பேட்டரியே 44 தான். பாக்ஸின் சிவப்பு வயரைப் பிரித்துவிட்டு, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஒரு பியூஸிலிருந்து, தனி பியூஸ் வைத்து லைன் எடுத்தேன். அதற்கப்புறம் 25 மில்லி ஆம்பியர். அன்றிலிருந்து இன்று வரை பேட்டரி ஒருநாளும் கைவிட்டதில்லை.

இப்போது ரேடியோவுக்கு வருகிறேன். இந்தச் செட்டோடு எனக்கு இருக்கும் வழக்கே அதுதான்.

நாங்கள் ஆண்டிபட்டிக்காரர்கள். வாரம் ஒரு முறையாவது அப்பாவை மதுரைக்கு அழைத்துப்போக வேண்டியிருக்கிறது. கணவாய் ஏறி இறங்கி, உசிலம்பட்டி, செக்கானூரணி வழியாகப் பாதை. கணவாயில் என் போனில் நெட் அறுந்து அறுந்து வரும், போனில் ஓடும் பாட்டு நடுவில் நின்று சுற்றிக்கொண்டிருக்கும். அப்பாவுக்கு அந்தச் சுற்றல் பிடிக்காது. அவருக்கு வேண்டியது கோடைப் பண்பலை, 100.5. கொடைக்கானலில் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்திலிருந்து வரும் ஒலி அது. பண்பலை அலை கண்ணுக்கு எட்டுகிற தூரத்தைத்தான் நன்றாகத் தொடும், மலை உச்சியில் நிற்பவனுக்குக் கண்ணுக்கு எட்டுவது பல மாவட்டம். எங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கும் பழைய பெட்டி, ஏரியலை நீட்டாமலே அதைப் பிடிக்கும்.

புதுச் செட் பிடிக்கவில்லை. வீட்டு வாசலில் கரகரவென்று வரும், ஊர் தாண்டினால் அதுவும் போய்விடும். ஒரு வருடம் முழுக்க இப்படி ஓடியது. செட்டின் ரேடியோ சிப்பே மட்டம் என்று முடிவு செய்து, விற்றவருக்குக் காட்டமாக எழுதினேன். அந்தக் கோபத்தில் பாதி தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது.

100.5 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 75 சென்டிமீட்டர் கம்பி இருந்தால் அலையை நன்றாக வாங்கும். பழைய கார்களில் இழுத்து நீட்டும் கம்பி அவ்வளவு நீளம் வரும். போலோவின் கூரையில் இருக்கும் கம்பி அதைவிட நன்றாகவே குட்டை. அந்தக் குறையைச் சரிக்கட்ட அதன் அடியில் சின்ன ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கிறார்கள். அதற்கு வேண்டிய கரண்டு தனி வயரில் வராது. கம்பெனி செட் அந்த ஆன்டெனா கேபிள் வழியாகவே அனுப்பும். நாம் மாட்டும் வெளிச் செட் அப்படி எதையும் அனுப்பாது. அதனால் ஆம்ப்ளிஃபயர் உயிரில்லாமல் கிடக்கும், ரேடியோ மங்கும். கிட்டோடு எனக்கு வந்தது வெறும் பிளக் மாற்றும் அடாப்டர். வேண்டியது நீல வயர் ஒன்று தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் அடாப்டர். 380 ரூபாய்.

அதை வாங்கி, செட்டின் பின்னால் ஆன்டெனாவுக்கென்று சீட்டு ஒட்டிய நீல வயரோடு கோர்த்தேன். பக்கத்திலேயே வெளி ஆம்ப்ளிஃபயருக்கு உரிய நீலம்-வெள்ளை வயரும் இருக்கும், மாற்றிவிடாதீர்கள். சாவியைத் திருப்பி, திரை வந்து, 100.5 போட்டேன். அடுப்படிப் பெட்டியில் கேட்கிற அதே தெளிவு. அப்பா வாசலில் இருந்து எழுந்துவந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். கார் எங்கும் போகவில்லை. அரை மணி நேரம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். இந்த இரண்டரை வருடத்தில் இந்தச் செட் கொடுத்த பெரிய சந்தோஷம் அந்த அரை மணி நேரம்தான்.

கொஞ்சநாள் கழித்து மறுபடி இரைச்சல். இந்த முறை சீக்கிரம் பிடிபட்டது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் போன் சார்ஜர் போட்டிருந்தால் மட்டும் வந்தது. 12 வோல்ட்டை 5 ஆக்க அந்தச் சார்ஜர் கரண்டை மிக வேகமாக வெட்டி வெட்டி அனுப்புகிறது, அந்த வெட்டு பண்பலைக்குள்ளும் சிந்துகிறது. டேஷ்கேமிராவும் இதைச் செய்யும். வேறு சார்ஜர் மாற்றினேன், நின்றுவிட்டது. உங்கள் காரில் ரேடியோ இரைந்தால் செட்டைத் திட்டும் முன் சாக்கெட்டில் இருப்பதை எல்லாம் பிடுங்கிவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

இது வரை செட்டின் மேல் பெரிய குற்றமில்லை. மேப் பெரிதாகத் தெரிகிறது. ரிவர்ஸ் கேமரா எங்கள் சந்தில் தினமும் உதவுகிறது. ரிவர்ஸ் விளக்கின் வயரிலிருந்து கேமராவுக்கு லைன் இழுத்தது முதுகை வாங்கிய வேலை, ஆனால் பலன் உண்டு. பாட்டின் தரமும் நன்றாகவே இருக்கிறது. பின்பக்க இடது ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருந்ததைத் திருத்திய பிறகு அடித்தொனி நன்றாக எழுந்தது.

ஆனால் ரேடியோவை ஒட்டிய இரண்டு விஷயம் என்னை இன்றும் கொதிக்க வைக்கிறது.

ஒன்று, வாங்கும்போது ரேடியோ அமெரிக்க அமைப்பில் இருந்தது. அங்கே நிலையங்கள் 0.2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில், ஒற்றை எண்ணில் முடியும். 100.5 கிடைத்துவிடும். மதுரை நெருங்கினால் 106.4 கிடைக்காது, 106.3-லிருந்து 106.5-க்குத் தாவிவிடும். இந்தியாவில் விற்கிற பொருளை யாராவது ஒருவர் ஒரு முறை இந்தியாவில் போட்டுக் கேட்டிருந்தால் இது தெரிந்திருக்கும். அமைப்பை மாற்றும் இடம் கடவுச்சொல் கேட்கிற உள்மெனுவில் ஒளிந்திருக்கிறது. நான் மாற்றிவிட்டேன். ஒவ்வொரு முறை செட்டை ரீசெட் செய்யும்போதும் பழையபடி அமெரிக்காவுக்குப் போய்விடுகிறது.

இரண்டாவதுதான் தாங்க முடியாதது. காரை நிறுத்தி மறுபடி எடுத்தால் செட் முழுதாக விழித்துவர 35 விநாடி. வந்தபின் ரேடியோ தானாக ஓடாது. முகப்புப் பக்கத்தில் வந்து நிற்கும். நாம் ரேடியோ படத்தைத் தொட வேண்டும், அது திறக்க வேண்டும், அப்புறம்தான் பாட்டு. உசிலம்பட்டியில் டீக்கு நிறுத்தினால் ஒரு முறை, பெட்ரோல் போட்டால் ஒரு முறை. வால்யூமுக்குத் திருகும் குமிழும் கிடையாது, கண்ணாடியில் விரலால் தடவ வேண்டும். வண்டி குலுங்கும்போது விரல் வேறெங்கோ படுகிறது. அப்பாவுக்கு 74 வயது. கடைசியாக எங்கே விட்டதோ அங்கே தொடரும், ஒரு குமிழைத் திருகினால் கூடும் குறையும் என்பதைத் தவிர அவர் ரேடியோவிடம் எதையும் கேட்டதில்லை. அவருடைய அடுப்படிப் பெட்டி இதைப் பல வருடமாகச் செய்துகொண்டிருக்கிறது.

உறக்க நிலை என்று ஒரு வசதி இருக்கிறது, அதில் இரண்டே விநாடியில் விட்ட இடத்திலிருந்து வந்துவிடும். வைத்துப் பார்த்தேன், அளந்தும் பார்த்தேன். கார் நிற்கும்போது 90 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. சில சமயம் என் கார் பத்து நாள் கூட நின்றுவிடும். அப்படியானால் 21 ஆம்பியர்-அவருக்கு மேல், பாதி பேட்டரி. எடுத்துவிட்டேன்.

போன ஞாயிறு மதுரையிலிருந்து திரும்பும்போது அப்பா வெகுநேரமாக எதிர்பார்த்த பாட்டு ஒன்று தொடங்கியது. சரியாக அப்போது கணவாய் அடியில் போலீஸ்காரர் ஒருவர் எங்கள் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, எஞ்சினை அணைக்கச் சொன்னார். பேப்பர் காட்டி இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிட்டோம். திரை வந்து, நான் ரேடியோவைத் தொட்டு, ஒலி வந்தபோது பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருந்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அந்தச் செட்டைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது.

மேப், கேமரா, ஒலி என்று கூட்டிப் பார்த்தால் 6,800 ரூபாய்க்கு இது நல்ல பொருள். இருந்தும் தம்பிக்கு நேற்று இரவு வேண்டாம் என்றே சொன்னேன். திரையில்லாத, குமிழ் வைத்த, புளூடூத் உள்ள சாதாரணச் செட் ஒன்று பார், மேப்பை போனில் வைத்துக்கொள் என்றேன். அவன் கேட்பானா தெரியாது, திரையில் மனசு போய்விட்டது. எதை வாங்கினாலும் மாட்டுவதற்குக் கூலி கொடுக்காதே, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிடு, நான் மாட்டித் தருகிறேன், வரும்போது நீல வயர் உள்ள அடாப்டரை மறக்காமல் வாங்கிவா என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.